ஊணும் உறையுளும் கல்வியும்: சோழர் நாட்டுக் கல்லூரி, விடுதி, ஆதுலசாலை

கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நூல்களையும் ஆசிரியர்களையும் பற்றியே எழுதுகின்றனர். மாணாக்கன் எந்தக் கூரையின் கீழ் உறங்கினான், அவனுக்கு நாள்தோறும் எத்தனை நாழி நெல் அளக்கப்பட்டது, அவன் நோயுற்றுக் கிடந்தபோது மருந்தூட்டியவர் யார் என்பன போன்ற வினாக்கள் சிறியனவாகக் கருதி ஒதுக்கப்படுகின்றன. ஆயினும் தமிழகத்தின் இடைக்காலக் கல்வெட்டுகள் இவ்வினாக்களுக்கே முதலில் விடை கூறுகின்றன. என்ன கற்பிக்கப்பட்டது என்பதை ஓரிரு சொற்களில் கூறிவிட்டு, எவ்வளவு அளக்கப்பட்டது என்பதை நாழி, உரி அளவில் விரித்துரைப்பது அவற்றின் இயல்பு. கோயிற் சுவர்களில் பொறிக்கப்பட்ட இந்தக் கணக்குகளே இன்று நமக்குக் கிடைக்கும் கல்வி வரலாறு.

1915 முதல் 1925 வரையிலான ஆண்டுகளில் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்த எண்ணாயிரம், திரிபுவனை, திருமுக்கூடல், திருவாவடுதுறைக் கல்வெட்டுகள் சோழர் காலக் கல்வி நிலையங்களைப் பற்றிய செய்திகளை ஆய்வுலகிற்கு அளித்தன. கல்லூரி, மாணவர் விடுதி, மருத்துவமனை, மருத்துவக் கல்வி என்னும் நான்கையும் அவற்றிற் காணலாம். அவற்றைப் போற்றி எழுதப்பட்டவை பல. இவற்றில் யாருக்கு இடம் இருந்தது, தமிழுக்கு என்ன இடம் இருந்தது என்று கேட்டு எழுதப்பட்டவை சில. இரண்டையும் ஒருங்கே நோக்குவதே நேர்மையான முறையாகும்.

சோழர்க்கு முன்

பல்லவர் தலைநகராகிய காஞ்சியில் கடிகை என்னும் கல்வி நிலையம் இருந்தது. அதன் புகழைத் தமிழகத்திற்கு வெளியே உள்ள ஒரு கல்வெட்டே எடுத்துரைக்கிறது. கருநாடகத்துத் தாளகுண்டாக் கல்வெட்டு, கடம்ப மரபின் முதல்வனாகிய மயூரசர்மன் தன் குருவாகிய வீரசர்மனுடன் காஞ்சிக் கடிகைக்குக் கற்க வந்தான் என்கிறது. வந்த இடத்தில் பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு பூசல் மூண்டது. அதனால் வெகுண்ட அம்மாணவன் ஓதலைக் கைவிட்டு வாளேந்தினான். பின்னர் ஓர் அரசையே நிறுவினான். நான்காம் நூற்றாண்டைச் சார்ந்த இச்செய்தி, தொலைவிலிருந்தும் மாணாக்கர் வந்து தங்கிப் பயின்ற நகரமாகக் காஞ்சி விளங்கியதைக் காட்டுகிறது.

புதுச்சேரியை அடுத்த பாகூரில் ஒரு வித்தியாத்தானம் இருந்தது. நிருபதுங்கவர்மன் ஆட்சியில், ஏறத்தாழ 877இல், அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டன. சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி என்பன அவ்வூர்கள். மூன்று ஊர்களின் வருவாய் ஒரு கல்வி நிலையத்திற்குச் சென்றது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கற்பவன் உண்ட நெல்லை விளைவித்தவன் வேறொருவன். இவ்வுண்மை இக்கட்டுரை முழுதும் தொடர்ந்து வரும்.

தென்கோடியில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு கோயிலையும் அதனோடு சேர்ந்த சாலையையும் அமைத்தான். காந்தளூர்ச் சாலையை ஒட்டி அமைந்த அச்சாலையில் 95 சட்டர்க்கு இடம் இருந்தது. பவிழிய சரணத்தார்க்கு 45, தைத்திரிய சரணத்தார்க்கு 36, தலவகார சரணத்தார்க்கு 14 என அது பகுக்கப்பட்டிருந்தது. அச்செப்பேட்டின் சுவையான பகுதி விடுதி ஒழுங்கைப் பற்றியது. ஒருவரையொருவர் இழிசொல் கூறலாகாது; அடித்துக்கொள்ளலாகாது; படைக்கலத்தோடு கூட்டத்திற்கு வரலாகாது; சூதாடலாகாது; மடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளலாகாது. மீறினார்க்குத் தண்டமும் உணவு மறுப்பும் உண்டு. விதிகள் இவ்வளவு விரிவாக எழுதப்பட்டதிலிருந்தே அவை மீறப்பட்டும் வந்தன என்று கருதலாம். ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மாணவரை உயிருள்ள மனிதராக நாம் காண்பது இவ்விடத்திலேதான்.

எண்ணாயிரமும் திரிபுவனையும்

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் இன்று ஒரு சிற்றூர். பதினோராம் நூற்றாண்டில் அது இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெருஞ்சபையூர். அங்குள்ள அழகிய நரசிங்கப்பெருமாள் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்தில், 1025ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, ஊர்ச்சபை நடத்திய கல்லூரி ஒன்றின் முழு அமைப்பையும் தருகிறது.

அக்கல்லூரியில் மாணாக்கர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். இளநிலை மாணாக்கராகிய பிரமசாரிகள் 270 பேர். இவர்களுள் இருக்கு வேதம் ஓதியவர் 75, யசுர் வேதம் ஓதியவர் 75, வாசசனேயம் 20, சந்தோக சாமம் 20, தலவகார சாமம் 20, அதர்வம் 10, போதாயனச் சூத்திரம் 10. எஞ்சிய 40 பேர் ரூபாவதாரம் என்னும் வடமொழி இலக்கணம் கற்றவர். முதுநிலை மாணாக்கர் 70 பேர். வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10 என்பது அவர்தம் பகுப்பு. எந்தப் பாடத்திற்கு எத்தனை இடம் என்பதை ஊர்ச்சபை முன்கூட்டியே வரையறுத்தது குறிப்பிடத்தக்கது.

இளநிலை மாணாக்கன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். முதுநிலை மாணாக்கனுக்கு 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. முதுநிலையினர்க்கு ஆண்டிற்கு அரைக் கழஞ்சு பொன்னும் உண்டு. குறுணிக்கு 8 நாழி, கலத்திற்கு 12 குறுணி என்னும் வாய்பாட்டால் கணக்கிட்டால், மாணாக்கர்க்கு மட்டும் நாள்தோறும் 24 கலம் 2 குறுணி நெல் அளக்கப்பட்டது என்பது விளங்கும். இவ்வறத்திற்கு 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. 

புதுச்சேரிக்கு மேற்கே உள்ள திரிபுவனையின் வரதராசப் பெருமாள் கோயிற் கல்வெட்டு 1048இல், முதலாம் இராசாதிராசன் காலத்தில் பொறிக்கப்பட்டது. அங்கு மாணாக்கர் 260 பேர். ஆசிரியர் 12 பேர். மாணாக்கருள் 190 பேர் வேதம் ஓதினர். 70 பேர் இலக்கணம் முதலிய சாத்திரங்களைப் பயின்றனர். இந்நிலையத்திற்கு விடப்பட்ட நிலம் 72 வேலி. ஆண்டு வருவாய் 12,000 கலம் நெல். கற்பிப்போரும் கற்போரும் ஊர் வாரியங்களில் பணியாற்ற வேண்டியதில்லை என்னும் விலக்கும் வழங்கப்பட்டது. உணவும் உறையுளும் தந்ததோடு அமையாமல், கற்றற்குரிய பொழுதையும் காத்துத் தந்தது அவ்வூர்ச்சபை. கல்விக்குப் பொருளைப் போலவே ஓய்வும் இன்றியமையாதது என்பதை உணர்ந்தவர் வகுத்த விதி அது.

இவற்றைப் பல்கலைக்கழகங்கள் என்று வழங்குவோர் உளர். பட்டமளிப்பும் தேர்வு முறையும் இவற்றில் இருந்தமைக்குச் சான்றில்லை. பல துறைக் கல்வியும் இல்லை. எனவே உறையுளுடன் கூடிய கல்லூரி என்பதே பொருந்தும். சொல்லைப் பெரிதாக்குவதால் செய்தி பெரிதாகிவிடாது.

திருமுக்கூடல்: ஒரு மண்டபத்தின் கணக்கு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், காஞ்சிபுரத்திற்குத் தென்கிழக்கே, பழையசீவரத்திற்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல் அமைந்துள்ளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று 55 வரிகளில் ஓடுகிறது. வீரராசேந்திரன் 1063 முதல் 1070 வரை ஆண்டவன். வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாயைக் கொண்டு இக்கோயிலின் செலவுகள் எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை அக்கல்வெட்டு வகுத்துரைக்கிறது. மாதவன் தாமயன் என்னும் வைசியர் ஒருவர் எடுப்பித்த சனநாத மண்டபத்தில் பள்ளியும் விடுதியும் ஆதுலசாலையும் இயங்கின. ஆதுலர் என்பார் நோயாளர். அவர் தங்கி மருந்துண்ணும் இடம் ஆதுலசாலை.

பள்ளியில் மாணாக்கர் 60 பேர். இருக்கு வேதத்திற்கு 10, யசுர் வேதத்திற்கு 10, ரூபாவதார இலக்கணத்திற்கு 20, பாஞ்சராத்திரத்திற்கு 10 என வகுத்து, எஞ்சிய இடங்கள் சிவப்பிராமணர்க்கும் வைகானசர்க்கும் பிறர்க்கும் தரப்பட்டன. எண்ணாயிரத்தோடு ஒப்பிட இது சிறியது. ஆயினும் வாழ்க்கையின் சிறு தேவைகளைக் கூறுவதில் இக்கல்வெட்டுக்கு நிகராக வேறொன்றைச் சுட்டுவது அரிது. மாணாக்கர்க்கு உணவு உண்டு. படுக்கப் பாய் உண்டு. இரவில் எரியும் விளக்கிற்கு எண்ணெய் உண்டு. ஆண்டின் 51 சனிக்கிழமைகளிலும் தலைக்குத் தேய்த்துக்கொள்ள எண்ணெய் உண்டு. தாயின் கை எட்டாத தொலைவில் இருந்த பிள்ளைகளுக்குச் சனி நீராட்டை மறவாது கணக்கில் எழுதிய அந்த ஊர்க்கணக்கனை நினைத்துப் பார்த்தல் தகும். ஏலமும் வெட்டிவேரும் இட்டு மணமூட்டிய குடிநீர்க்கும் அதே கணக்கில் இடம் உண்டு.

ஆதுலசாலைக்கு வீரசோழன் என்று பெயர். நோயாளர்க்குப் 15 படுக்கைகள். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவு முழுதும் எரிய ஒரு விளக்கு. மருத்துவர் ஒருவர், அவருக்கு ஆண்டிற்கு 90 கலம் நெல்லும் 8 காசும். கோதண்டராமன் அசுவத்தாமபட்டன் என்பது அவர் பெயர். மருத்துவர்க்கு வழங்கிய சவர்ணன் என்னும் அடைமொழியும் அவருக்கு உண்டு. சல்லியக்கிரியை, அதாவது அறுவை மருத்துவம், செய்பவர் ஒருவர். அவருக்கு 30 கலமும் 2 காசும். மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து காய்ச்சுவோர் இருவர். அவ்விருவர்க்கும் சேர்த்து 60 கலமும் 2 காசும். நோயாளரைப் பேணி மருந்தூட்டும் பெண்டிர் இருவர். இருவர்க்கும் சேர்த்து 30 கலமும் 1 காசும். நாவிதர் ஒருவர், அவருக்கு 15 கலம். மருத்துவமனைப் பணியாளர் வரிசையை இத்துணைத் தெளிவாகத் தரும் பழைய ஆவணங்கள் மிகச் சிலவே.

ஓராண்டிற்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகள் 20 அக்கல்வெட்டில் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டுள்ளன. வாசாகரீதகி, கோமூத்திர அரீதகி, தசமூல அரீதகி, பல்லாதக அரீதகி என நான்கு மருந்துகள் கடுக்காயை அடிப்படையாகக் கொண்டவை. முதலாவதில் ஆடாதோடையும் இறுதியானதில் சேங்கொட்டையும் சேரும். லசுனாத்யேரண்ட தைலம் வெள்ளுள்ளியும் ஆமணக்கும் சேர்ந்த எண்ணெய். வில்வாதி கிருதம் வில்வம் முதலியன இட்டுக் காய்ச்சிய நெய். கல்யாணக லவணம் உப்பு வகை. புராண கிருதம் நாட்பட்ட பழநெய். பெயர்கள் வடமொழியில் இருப்பினும் பொருள்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தோட்டத்திலும் அடுக்களையிலும் கிடைப்பவையே.

இங்கே பணிப்பெண்டிர் இருவரைப் பற்றி நின்று எண்ண வேண்டும். அவர்தம் பெயர் கல்வெட்டில் இல்லை. மருத்துவரின் பெயர் உண்டு. ஆண்டுக் கூலியை நாட்கூலியாகப் பகுத்தால் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 4 நாழி நெல். மருத்துவருக்குக் கிடைத்தது 3 குறுணி, அதாவது 24 நாழி. எண்ணாயிரத்து இளநிலை மாணவன் ஒருவனின் உணவுக்கு அளக்கப்பட்டது 6 நாழி என்பதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். இரண்டு ஊர்களின் அளவைகளும் முற்றும் ஒன்றாக இருந்தன என்று கொள்வதற்கில்லை. இடையே நாற்பது ஆண்டு இடைவெளியும் உண்டு. ஆயினும் ஓதுவதற்காக ஒரு சிறுவன் பெற்றதைவிட, நோயாளரின் தலைமாட்டில் இரவும் பகலும் இருந்த பெண் பெற்றது குறைவாகவே தோன்றுகிறது. பொன்னெழுத்தில் எழுதத்தக்க அறத்தின் உள்ளேயே இந்த ஏற்றத்தாழ்வும் எழுதப்பட்டிருக்கிறது.

மருத்துவம் கற்ற இடம்

திருமுக்கூடலில் மருத்துவம் நடந்தது. மருத்துவம் கற்பிக்கப்பட்டதாக அக்கல்வெட்டு கூறவில்லை. சோழர் காலத்தில் மருத்துவக் கல்வி இரு வழிகளில் நடந்ததாகக் கொள்ளலாம். முதல் வழி குடிவழி. முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையார் தஞ்சையில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலையை நிறுவி, அதன் மருத்துவரான சவர்ணன் அரையன் மதுராந்தகனுக்கு மருத்துவக்காணியாக நிலம் அளித்தமை முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டுகளால் அறியலாகிறது. காணி என்பது வழிவழி உரிமை. நிலம் மகனுக்குச் சென்றதோடு மருந்தறிவும் மகனுக்குச் சென்றது. தந்தையின் திண்ணையே மருத்துவப் பள்ளி. தந்தை பார்க்கும் நோயாளரே பாடநூல். தம் தந்தை சுந்தரசோழரின் பெயரால் ஓர் அரசமகள் அமைத்த அறம் இது என்பதும் கருதத்தக்கது.

இரண்டாம் வழி நூல்வழி. காவிரிக் கரையிலுள்ள திருவாவடுதுறையில் விக்கிரமசோழனின் மூன்றாம் ஆட்சியாண்டாகிய 1121இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, அங்கு கற்போர்க்கு உணவளிக்க ஏற்பாடு செய்ததைத் தெரிவிக்கிறது. அவர்கள் கற்ற நூல்கள் மூன்று: வாகடரின் அட்டாங்க இருதயம், சரக சங்கிதை, ரூபாவதாரம். முன்னிரண்டும் மருத்துவம், மூன்றாவது இலக்கணம். மருத்துவ மாணவனுக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்கலாம். மருத்துவ நூல்கள் வடமொழியில் இருந்தன. அம்மொழியின் சொல்லமைப்பை அறியாதவன் மருந்தின் பெயரையும் அளவையும் பிழைபடக் கொள்வான். மொழி அறியாமை உயிருக்கு ஊறு செய்யும் என்று உணர்ந்தே மருத்துவத்தையும் இலக்கணத்தையும் ஒரே இடத்தில் வைத்தனர் போலும்.

தமிழ் எங்கே இருந்தது?

தமிழ் பயில்வார்க்கு இக்கல்வெட்டுகள் எழுப்பும் வினா எளியதன்று. எண்ணாயிரத்தில் 340 மாணாக்கர். அவர்களுள் தமிழிலக்கணம் கற்க இடம் பெற்றவர் ஒருவரும் இல்லை. திரிபுவனையின் 260 பேரிலும் இல்லை. திருமுக்கூடலின் 60 பேரிலும் இல்லை. ஆனால் அக்கணக்கு முழுதும் எழுதப்பட்டது தமிழில். நெல் அளந்தது தமிழ். பாய் வாங்கியது தமிழ். எண்ணெய் வார்த்தது தமிழ். பாடம் மட்டும் தமிழன்று.

தமிழ் முற்றும் புறக்கணிக்கப்பட்டது என்று கூறுவதும் பிழையே. எண்ணாயிரத்து அறத்தில் திருவாய்மொழி ஓதுவார்க்கு இடம் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 3 குறுணி நெல். திருமுக்கூடல் மருத்துவரின் நாட்கூலியும் இதுவே. பாடுவோர்க்குக் கிடைத்த மதிப்பு சிறிதன்று. ஆனால் அவர் பெற்றது பாடியதற்குரிய கூலி, பயில்வதற்குரிய உதவியன்று. தமிழைப் பாடியவனுக்கு நெல் இருந்தது. தமிழைக் கற்க வந்தவனுக்குப் பாயும் விளக்கும் இல்லை.

இந்நிலையின் முரண் வீரராசேந்திரன் காலத்தில் நன்கு வெளிப்படுகிறது. திருமுக்கூடலில் 20 மாணாக்கர் ரூபாவதாரம் கற்க வகை செய்யப்பட்டது அவன் ஆட்சியில். அதே மன்னனின் பெயரால் ஒரு தமிழிலக்கணமும் எழுந்தது. பொன்பற்றியூர்ப் புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியமே அது. ஆசிரியர் பௌத்தர், வடமொழி இலக்கண மரபைத் தமிழுக்குப் பொருத்திக் காட்டியவர். மன்னன் பெயர் நூலுக்கும் கிடைத்தது, ஆதுலசாலைக்கும் கிடைத்தது. ஆதுலசாலைக்கு நிலவருவாய் உண்டு. அவ்விலக்கணத்தைக் கற்பிக்க ஒரு வேலி நிலமேனும் விடப்பட்டதாக இக்கல்லூரிக் கல்வெட்டுகளில் செய்தி இல்லை. தமிழ்ப் புலமை இக்காலத்தில் ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலும் சமணர், பௌத்தர், சைவர், வைணவர்தம் மடங்களிலும் காக்கப்பட்டிருத்தல் வேண்டும். அப்புலமை நின்று நிலைத்தது உண்மை; ஆனால் ஊர்ச்சபையின் நெற்கணக்கில் அதற்கு ஒரு வரி இல்லை.

தமிழைப் போலவே இக்கூரைக்கு வெளியே நின்றவர் மற்றோரும் உளர். வேதம் ஓதும் உரிமை பெற்ற குடியினர்க்கே இவ்விடுதிகள் அமைந்தன, பெண்களுக்கு இடமில்லை. 45 வேலியிலும் 72 வேலியிலும் உழுது, நட்டு, அறுத்துக் கல்லூரிக் களஞ்சியத்தை நிரப்பியவரின் பிள்ளைகள் அக்கல்லூரியின் முற்றத்திற்கு வந்திருப்பார்களாயின் அது நெல் மூட்டையோடு வந்ததாகவே இருக்கும். அக்கால நாகரிகங்கள் பலவற்றின் நிலையும் இதுவே எனலாம். அவ்விளக்கம் வரலாற்றைப் புரிந்துகொள்ள உதவும். நெல் விளைவித்தவரின் இழப்பை ஈடுசெய்யாது.

பின்னாளில்

திருவாவடுதுறையிலேயே இவ்வரலாறு ஒரு திருப்பம் கொண்டது. அட்டாங்க இருதயமும் சரக சங்கிதையும் கற்பிக்கப்பட்ட அவ்வூரில் பிற்காலத்தில் சைவ ஆதீனம் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தமிழ் கற்பித்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1871இல் மாயூரத்தில் அவரிடம் மாணாக்கராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், பின்னர்த் திருவாவடுதுறை மடத்தின் ஆதரவில் ஊணும் உறையுளும் பெற்றுப் பயின்றார். 1876இல் ஆசிரியர் மறைந்த பின்னும் அவ்வாதரவு தொடர்ந்தது. சங்க நூல்கள் அச்சேறியமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஓர் இளைஞனுக்கு வேளைதோறும் கிடைத்த சோறும் ஒன்று. 1121இல் மருத்துவ மாணவனுக்குக் கிடைத்தது, எழுநூற்றைம்பது ஆண்டுகள் கழித்துத் தமிழ் மாணவனுக்கும் அதே ஊரில் கிடைத்தது.

பள்ளி, உறையுள், மருத்துவம் மூன்றையும் ஒன்றாக வைத்த சோழர் கால அமைப்பு தஞ்சை மராட்டியரின் சத்திரங்களிலும் தொடர்ந்தது. சரபோசி மன்னர் 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய மடல், சத்திரங்களில் வழிப்போக்கர்க்கு உணவளித்ததோடு ஆசிரியரும் மருத்துவரும் அமர்த்தப்பட்டிருந்ததையும், ஆதரவற்ற பிள்ளைகள் உணவும் கல்வியும் பெற்றதையும் எடுத்துரைக்கிறது. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் 1802இல் எழுந்தது. மன்னராட்சி முடிந்தபின் சத்திரங்கள் காலப்போக்கில் மாவட்டக் கழகத்தின் பொறுப்பிற்கு வந்தன.

அப்போது பழைய வினா மீண்டும் எழுந்தது. இக்கூரையின் கீழ் யார் தங்கலாம்? திருவையாற்றுக் கல்லூரி சத்திர வருவாயில் நடந்தது. அங்கு வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்டது. 1920களில் தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வமும், கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் தலைவர் உமாமகேசுவரனாரும் அறக்கொடையின் நோக்கம் கல்வியே அன்றி ஒரு மொழி மட்டும் அன்று என்று வாதிட்டனர். அதன் பயனாக அக்கல்லூரியில் தமிழ்ப் புலவர் வகுப்பு தொடங்கிற்று. ஒரத்தநாடு, இராசாமடம் விடுதிகளின் கதவும் எல்லாக் குலத்து மாணவர்க்கும் திறக்கப்பட்டது. எண்ணாயிரத்துச் சுவரில் இல்லாத அந்த ஒரு வரி, ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது.

முடிவுரை

சோழர் காலக் கல்வி நிலையங்களை எண்ணிப் பெருமிதம் கொள்வதற்கு இடம் உண்டு. கல்வி என்பது அறிவுரையால் மட்டும் நடப்பதன்று, அதற்கு நிலம் வேண்டும், நெல் வேண்டும், பாயும் விளக்கெரிக்க எண்ணெயும் வேண்டும் என்று உணர்ந்தவர் அவற்றை அமைத்தனர். கற்கும் பிள்ளைக்கும் நோயுற்ற உடலுக்கும் ஒரே மண்டபத்தில் இடம் தந்தனர். இவ்வறிவை அக்கல்வெட்டுகளிலிருந்து இன்றும் கற்கலாம்.

அதே கல்வெட்டுகளை மறுபக்கமிருந்தும் படித்தல் வேண்டும். பெயர் எழுதப்படாத இரு பெண்டிர், நெல் விளைவித்தும் உள்ளே வராத உழவர், கணக்கெழுதவும் பாடவும் பயன்பட்டுப் பாடமாகாது நின்ற தமிழ் ஆகிய மூன்றும் அவ்வரிகளுக்கிடையே உள்ளன. பாடத்திட்டம் மட்டுமே ஒரு நிலையத்தின் அறத்தைக் காட்டிவிடாது. அதன் விடுதிக் கணக்கில் யாருடைய பெயர் இருக்கிறது, யாருடைய பெயர் இல்லை என்பதே அதைக் காட்டும். இலக்கிய வரலாறு எழுதுவோர் புலவர்களின் நூல்களோடு, அவர்களுக்குச் சோறிட்டவர்களையும் இடம் கொடுத்த திண்ணைகளையும் மடங்களையும் விடுதிகளையும் சேர்த்து எழுத வேண்டும். அவ்வாறு எழுதப்படும் வரலாற்றில்தான் திருமுக்கூடலில் மருந்தூட்டிய அவ்விரு பெண்டிரும் இடம் பெறுவர்.